மக்கிங் வேலை

நீலசந்திரா, பெங்களூரு
9 ஜூன் 2024

பிரசன்னாவுக்கு, உன் நைனா அய்யாவு சொல்லச் சொல்லக் கீழ்வீட்டு பிரிசில்லா எழுதுவது.

நான் வந்தேன்டா. போன வெள்ளிக்கிழமை வந்தேன். மெஜஸ்டிக்கில் பஸ் ஏறி, மறுநாள் வெயில் ஏறின பிறகு உன் ஜெயில் வாசலில் இறங்கினேன். மனு எழுதிக் கொடுக்க ஆள் பிடித்து, வரிசையில் நின்று, என் முறை வந்தது. உள்ளே போய்வந்த வார்டர் என் முகத்தைப் பார்க்காமல், “பரல்லா அந்தானே, அஜ்ஜா” என்றான். வரமாட்டேன் என்கிறானாம்.

நான் நம்பவில்லை. “பேரைச் சரியாப் பாருங்க சாமி. பிரசன்னா. அய்யாவு மகன். தண்ணி லாரி கேஸ்” என்றேன். அவனேதான் என்றான்.

எதற்குடா? தண்ணீர் லாரி நிரப்புகிற இடத்தில் வரிசைச் சண்டை வந்தது, நீ ஒருத்தனைத் தள்ளினாய், அவன் தலை தொட்டி விளிம்பில் பட்டது, செத்துப் போனான். ஏழு வருஷம் கொடுத்தார்கள். ஒரு உயிருக்கு அது நியாயம்தான் என்று நீயும் சொன்னாய், நானும் சொன்னேன். அதில் நமக்குள் சண்டை இல்லை. இங்கே பக்கத்தில் இருந்தவரை மாசா மாசம் கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாய். வடக்கே மாற்றின பிறகு உனக்கு என்ன வந்தது? போனில் கேட்கலாம் என்றால் ஐந்து நிமிஷம் தருகிறார்கள், அதில் நீ நாலு தடவை “சாப்ட்டீங்களா” என்று கேட்கிறாய்.

உனக்குக் கொண்டுவந்த துண்டைத் திரும்ப எடுத்து வந்துவிட்டேன். வரும்போது பஸ்ஸில் பக்கத்து சீட்டில் யாரும் உட்காரவில்லை. துண்டைத்தான் வைத்திருந்தேன்.

கைநாட்டு வைக்கிறேன். பிரிசில்லா மை தடவிவிட்டாள். வழக்கம்போல ரேகை விழவில்லை, கறுப்பாக ஒரு வட்டம்தான்.

நைனா


2 ஜூலை 2024

அன்புள்ள நைனாவுக்கு,

அன்றைக்குக் காய்ச்சல். எழுந்து வர முடியவில்லை. வேறொன்றும் இல்லை. இவ்வளவு தூரம் இனிமேல் வராதீர்கள். உங்கள் இருமலுக்கு அந்த பஸ் ஆகாது.

எனக்கு இங்கே தோட்ட வேலை. செடிக்குத் தண்ணீர் விடுகிறேன். நல்ல வேலைதான்.

இங்கே தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் ஆபீஸில் இல்லை. அதனால் கடிதம் எழுதினாலும் வந்தாலும் நானே கிளார்க் முன்னால் நின்று அதைக் கன்னடத்தில் படித்துக் காட்ட வேண்டும். நான் எழுதுவது ஒன்று, படித்துக் காட்டுவது ஒன்று. போன மாசம் உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டியபோது, நீங்கள் சூப்பிரண்டெண்ட் ஐயாவின் உடல்நலத்தை விசாரித்ததாகச் சொன்னேன். அவருக்கு ரொம்ப சந்தோஷம்.

பிரிசில்லா அக்காவுக்கு என் நன்றி.

பிரசன்னா


நீலசந்திரா
18 ஜூலை 2024

பிரசன்னா,

எனக்கு எழுத்து தெரியாது. அதனால் எதையும் எழுதி வைத்துவிட்டு மறக்கிற வசதி எனக்கு இல்லை. காதில் விழுந்தது அங்கேயே கிடக்கும்.

நீ அந்த ஜெயிலுக்குப் போய் எழுதின முதல் கடிதத்தில் என்ன சொன்னாய் தெரியுமா? “இங்கே கண்ணுக்குப் பச்சையாக ஒரு மரம்கூட இல்லை நைனா, சுவரும் வெயிலும்தான்” என்றாய். அடுத்த கடிதத்தில், குடிக்கவே தண்ணீர் அளந்துதான் என்றாய். இப்போது செடிக்குத் தண்ணீர் விடுகிறாயாம். எந்தச் செடிக்குடா?

உனக்கு ஏழு வயசில் மாங்காய் திருடிவிட்டு, “குருவி கொத்திச்சு” என்று சொன்னாய். அதே குரல்தான் இந்தக் கடிதத்திலும் கேட்டது. பிரிசில்லா படிக்கும்போதே நான் சிரித்துவிட்டேன். அப்புறம் சிரிப்பு வரவில்லை.

பொய் சொல்லும் அளவுக்கு என்ன வேலை அது? உண்மையை எழுது. “வந்தேன்டா” என்று எழுதச் சொன்னால் பிரிசில்லா “டா”வை எடுத்துவிடுகிறாள். போன தடவை சண்டை போட்டுத்தான் வைக்கச் சொன்னேன். இந்தத் தடவையும் சொல்கிறேன். எழுதுடா.

நைனா


11 ஆகஸ்ட் 2024

நைனா,

சரி. எழுதிவிடுகிறேன். இதைக் கன்னடத்தில் படிக்கும்போது மழையைப் பற்றி ஏதாவது சொல்லிக்கொள்கிறேன்.

எனக்குக் கக்கூஸ் வேலை. கைதிகளை அடைக்கிற ஐந்து பாரக்குகளுக்கும் சேர்த்து. குழி அடைத்துக்கொண்டால் உள்ளே இறங்கி வாளியில் அள்ளி வெளியே கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். தண்ணீர் வராத நாள்தான் அதிகம். இங்கே வந்த முதல் வாரத்திலிருந்து இதுதான்.

வந்த அன்றைக்குப் பதிவு எழுதினார்கள். பெயர், ஊர், கேஸ் எல்லாம் கேட்டுவிட்டு, “அப்பா என்ன வேலை?” என்று கிளார்க் கேட்டார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, “கேஜிஎஃப்பில் மக்கிங்” என்றேன். சின்ன வயசிலிருந்து நீங்கள் சொல்லிக் கேட்ட வார்த்தை. யார் கேட்டாலும் “எங்க நைனா மக்கிங் வேலை” என்று சொல்லித்தானே வளர்ந்தேன். வெடி வைத்து உடைத்த பாறையைச் சுரங்கத்துக்குள் மண்வெட்டியால் அள்ளி டிராலியில் போடுகிற வேலை என்று இவருக்கு எப்படித் தெரியும்? பக்கத்து மேஜைக்காரரைக் கேட்டார். அவர் இங்கிலீஷ் படித்தவர். “மக் என்றால் மலம், அழுக்கு” என்றார். “ஓ, கிளீனிங்கா” என்று கிளார்க் எழுதிக்கொண்டார்.

இல்லை சார் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் ஜாதி என்ன என்று கேட்டுவிட்டார். சொன்னேன். அவர் பேனாவை மூடிவிட்டு, “சரியாத்தான் எழுதியிருக்கேன்” என்றார்.

தப்பாகப் புரிந்துகொண்டது அவர் குற்றம் இல்லை நைனா. ஜாதியைக் கேட்ட பிறகு அந்தத் தப்பு அவருக்குச் சரியாகப் பொருந்திவிட்டது. அதுதான்.

அன்றைக்கு நீங்கள் வந்தபோது நான் குழிக்குள் இருந்தேன். கூப்பிட்டார்கள். எவ்வளவு சோப்புப் போட்டாலும் நகத்தடியில் நாற்றம் போகாது. நீங்கள் கம்பி வழியாக விரலைப் பிடிப்பீர்கள் என்று தெரியும். எப்போதும் பிடிப்பீர்கள்.

அதனால்தான் வரவில்லை.

பிரசன்னா


நீலசந்திரா
3 செப்டம்பர் 2024

பிரசன்னா,

உன் கடிதத்தை பிரிசில்லா பாதியில் நிறுத்திவிட்டாள். நான்தான் “படி” என்றேன். படித்து முடித்துவிட்டு அவள் கீழே போய்விட்டாள். நான் விளக்குப் போடவில்லை.

உன் தாத்தாவை நீ பார்த்ததில்லை. வட ஆற்காட்டிலிருந்து சுரங்கத்தில் தங்கம் வெட்டலாம் என்று நம்பிக் கிளம்பி வந்தவர். அவர் கையில் கொடுத்தது வாளி. வெள்ளைக்காரர் காலனியில் வீட்டுக்கு வீடு பின்வாசல் வழியாக மலம் எடுக்கிற வேலை. பின்வாசல் தவிர அந்த வீடுகளுக்கு முன்வாசல் எப்படி இருக்கும் என்று சாகிறவரை அவருக்குத் தெரியாது.

நான் மீசை முளைத்ததும், சுரங்கத்துக்குள் இறங்குகிற ஷாஃப்ட் வாசலில் போய் நின்றேன். மக்கிங்குக்கு எடுத்தார்கள். முதல் ஷிஃப்ட் முடிந்து மேலே வந்தபோது என் உள்ளங்கை கிழிந்து தொங்கியது. உன் தாத்தா என் கையைப் பிடித்து மூக்குக்குக் கொண்டுபோனார். ரொம்ப நேரம் முகர்ந்தார். “கல்லு வாசனைடா அய்யாவு” என்றார். தெருவில் போகிறவனையெல்லாம் கூப்பிட்டு, என் கையை நீட்டச் சொல்லி, “மோந்து பாரு, மோந்து பாரு” என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அந்த வார்த்தையைத்தான் நான் உனக்குக் கொடுத்தேன். வேறு சொத்து நம்மிடம் என்ன இருந்தது? கல் தேய்த்து என் கட்டைவிரலில் ரேகையே போயிற்று. அந்த வார்த்தையை எடுத்து உன்னைக் குழிக்குள் இறக்கிவிட்டார்களே.

விடமாட்டேன். பிரிசில்லா ஆயாவாக வேலை பார்க்கிற அல்சூர் நர்சிங் ஹோமில் ஒரு அம்மா படுத்திருந்தார்கள். அவர்கள் மகள் தமயந்தி என்று ஒரு பெண், மல்லேஸ்வரம். ஜெயில்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாளாம், குற்றவியல் என்கிறாள். “யார் குத்தம் செஞ்சாங்கன்னு கண்டுபிடிக்கிறதாம்மா?” என்று கேட்டேன். “அதைப் போலீஸ் பார்த்துக்குவாங்க ஐயா. குத்தம் செஞ்சவங்களுக்கு அப்புறம் நாம என்ன செய்யறோம்னு நான் பார்க்கிறேன்” என்றாள். உன் விஷயத்தைச் சொன்னேன். மக்கிங் என்றால் என்ன வேலை என்று விளக்கி, சூப்பிரண்டெண்டுக்கு மனு எழுதித் தருகிறாள். நம் குடும்பம் சுரங்கக் குடும்பம், அந்தக் குடும்பம் இல்லை என்று அழுத்தமாக எழுதச் சொல்லியிருக்கிறேன்.

நைனா


15 டிசம்பர் 2024

அன்புள்ள நைனாவுக்கு,

மனு வேலை செய்துவிட்டது. சூப்பிரண்டெண்ட் கூப்பிட்டார். “என்னப்பா இது, மக்கிங்னா கல்லு அள்றதா? முதல்லயே சொல்ல வேண்டியதுதானே” என்று சிரித்தார். நாற்காலி காட்டி உட்காரச் சொன்னார். சமையற்கட்டுக்கு மாற்றுகிறேன் என்றார். நல்ல நடத்தைக்காகத் தண்டனையில் குறைக்கிற கழிவு எல்லாம் சேர்த்தால் ஏப்ரலில் வீட்டுக்குப் போய்விடலாம் என்றார்.

இதற்கு நடுவில் ஒன்று நடந்தது. ஜெயில் ரிஜிஸ்டரில் ஜாதிப் பத்தியே இருக்கக் கூடாது, ஜாதி பார்த்து வேலை கொடுக்கக் கூடாது என்று அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதே, தமயந்தி அம்மா சொல்லியிருப்பார்கள். இங்கேயும் ரிஜிஸ்டரைக் கொண்டுவந்து அந்தப் பத்தி மேல் வெள்ளைத்தாள் ஒட்டினார்கள். ஒட்டி முடித்த சாயந்திரம் நாங்கள் பழையபடி அதே குழிக்குத்தான் போனோம். “ஜாதிக்காக இல்லப்பா, உங்களுக்குப் பழக்கம் இருக்கே” என்றார்கள்.

என் வாளியை உதயாவுக்குக் கொடுத்தார்கள். கோலார்ப் பக்கத்துப் பையன், இருபத்து நாலு வயசு. அவன் அப்பா இன்றைக்கும் முனிசிபாலிட்டியில் அந்த வேலைதான். என் வாளியைக் கையில் வாங்கிக்கொண்டு, “உனக்கு மனு எழுத நைனா இருக்காரு அண்ணே. எங்க அப்பா என்ன மனு எழுதறது? கிளீனிங் இல்லன்னு எழுதுவாரா?” என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

நான் சமையற்கட்டுக்குப் போகவில்லை நைனா. அவனும் நானும் இன்னும் சிலரும் சேர்ந்து ஒன்று கேட்டோம். உள்ளே இருக்கிற எல்லாரும் முறை வைத்துச் சுத்தம் செய்யட்டும், குழிக்குள் மனுஷனை இறக்காமல் மெஷின் வரட்டும் என்று. அதுவரை வாளியைத் தொட மாட்டோம் என்றோம். வேலை மறுத்தால் கழிவு போய்விடும் என்றார்கள். போனால் ஏப்ரல் இல்லை, 2026 நவம்பர்தான்.

உங்களுக்கு வயசு எழுபத்தாறு. அந்த இருமலை போனிலேயே கேட்கிறேன். சமையற்கட்டு இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. நீங்கள் “போ” என்று ஒரு வரி எழுதினால் நாளைக்கே போய்விடுகிறேன். உதயாவும் புரிந்துகொள்வான். நீங்களே சொல்லுங்கள்.

பிரசன்னா


நீலசந்திரா
6 ஜனவரி 2025

பிரசன்னா,

போ. சமையற்கட்டுக்குப் போ.

எனக்கு இங்கே பேச ஆள் இல்லை. உன் அம்மா போன பிறகு சோறு பொங்கினால் ரெண்டு நாள் வருகிறது. ஏப்ரலில் வந்துவிடு. நாலு பேரைக் காப்பாற்ற நீ என்ன மந்திரியா?

நைனா


நீலசந்திரா
8 ஜனவரி 2025

பிரசன்னா,

முந்தாநாள் போட்ட கடிதம் வந்தால் கிழித்துப் போடு. தபால் பெட்டியில் கையை விட்டு எடுக்க முடியுமா என்று நேற்று பிரிசில்லாவை அனுப்பிப் பார்த்தேன். தபால்காரர் திட்டி அனுப்பிவிட்டார்.

அந்தக் கடிதத்தை எழுதி முடித்ததும் அவள் பேனாவை வைத்துவிட்டு, “மாமா, நீங்க சுரங்கத்துல இறங்கின அப்புறம் தாத்தாவோட வாளியை யார் எடுத்தாங்க?” என்று கேட்டாள். ஒரே ஒரு கேள்விதான். எனக்கு மறக்கிற வசதி இல்லை என்று உனக்குப் பெருமையாக எழுதினேனே. இதை மட்டும் யாரும் என்னைக் கேட்டதே இல்லை.

உன் சித்தப்பா எடுத்தான்.

தாத்தாவுக்கு இடுப்பு விழுந்தபோது, வீட்டில் ஒருத்தர் அந்த வேலையில் இருந்தால்தான் அதற்காகக் கம்பெனி கொடுத்த லைன் வீடு நிற்கும் என்றார்கள். நான் அதற்குள் ஷாஃப்டில். மிச்சம் இருந்தது சின்னவன்தான். நம் வீட்டுக்குச் சாப்பிட வரும்போது குழாயடியில் நின்று கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவானே, உனக்கு நினைவிருக்கும். “போதும் வாங்க சித்தப்பா, தோல் உரிஞ்சிடும்” என்று நீகூடக் கேலி செய்வாய். அவன் கையை யாரும் முகர்ந்து பார்க்கவில்லை. தெருவைக் கூப்பிட்டுக் காட்டவில்லை. குடித்தே செத்தான்.

நான் விட்டதால் வாளி கீழே இறங்கவில்லைடா. கைதான் மாறியது. இப்போது உன் கையிலிருந்து அந்த உதயா கைக்குப் போயிருக்கிறது. “அந்தக் குடும்பம் இல்லை” என்று நான் மனுவில் எழுதச் சொன்னேனே, அந்தக் குடும்பம்தான் நாம்.

தமயந்தி வந்திருந்தாள். “எல்லாரும் முறை வெச்சுச் செய்யணும்னா, பெரிய வீட்டுக்காரனும் செய்வானாம்மா?” என்று கேட்டேன். “செய்ய வைக்கிற வரைக்கும் எழுதிக்கிட்டே இருப்பேன் ஐயா. ஆனா உள்ளே நின்னு கேட்க வேண்டியது அவங்கதான்” என்றாள்.

நில்லு. ஏப்ரல் வேண்டாம். நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஒன்று மட்டும். நான் வந்தால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்காதே. விரலைக் கம்பிக்கு வெளியே நீட்டு.

நைனா

(தம்பி, இதைச் சொல்லும்போது மாமா நடுவில் நடுவில் நிறுத்திவிட்டார். எழுத ஒரு சாயந்திரம் ஆயிற்று. டாக்டர் பஸ் பயணம் கூடாது என்று சொல்லியிருக்கிறார். சுரங்கத் தூசி நெஞ்சில் கல்லாக இறுகியிருக்கிறதாம். இதை நான் எழுதினது அவருக்குத் தெரியாது. — பிரிசில்லா)


20 ஆகஸ்ட் 2025

அன்புள்ள நைனாவுக்கு,

ரெண்டு கடிதமும் ஒரே நாளில் ஒன்றாக வந்தன. பின்னதைத்தான் முதலில் பிரித்தேன். முன்னதைக் கிழிக்கவில்லை. “எனக்கு இங்கே பேச ஆள் இல்லை” என்று அதில்தான் இருக்கிறது. வைத்திருக்கிறேன்.

கழிவு முழுக்கப் போய்விட்டது. ரெண்டு மாசம் தனி அறையில் போட்டார்கள், அப்புறம் விசாரணை முடிகிறவரை எழுத விடவில்லை, அதனால்தான் கடிதம் இல்லை. தமயந்தி அம்மா மாதிரி ஆட்கள் வெளியே எழுதினார்கள். மேலிடத்திலிருந்து ஆள் வந்து விசாரித்தார்கள். போன மாசம் முறைப்பட்டியல் ஒட்டினார்கள். குழி எடுக்க வண்டி வருகிறது, எல்லா வாரமும் இல்லை, வருகிறது.

முதல் நாள் முறை கிருஷ்ணப்பாவுக்கு விழுந்தது. அவர் ஊரில் பெரிய மனுஷரான கௌடர், நிலத் தகராறில் கொலை செய்துவிட்டு வந்தவர். இங்கே யாரும் அவரை “நீ” என்று கூப்பிட்டதில்லை. துடைப்பத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கக்கூஸ் வாசலில் நின்றார். பாரக் முழுக்க வேடிக்கை பார்த்தது. உதயா எட்டிப் பார்த்து, “கௌட்ரே, தீபாராதனையா? கீழே பிடிங்க” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அவர் முகம் சிவந்து போயிற்று, அடிப்பார் என்று நினைத்தேன். துடைப்பத்தைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்து, “எங்கிருந்து ஆரம்பிக்கணும்?” என்று கேட்டார்.

மூலையிலிருந்து என்று சொன்னேன்.

முடித்துவிட்டு வந்து சோப்புக் கேட்டார். என்னுடையதைக் கொடுத்தேன். அவர் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். எனக்குச் சித்தப்பா ஞாபகம் வந்துவிட்டது.

இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் இருக்கிறது நைனா. வரச் சொல்ல ஆசையாக இருக்கிறது. வராதீர்கள். இந்தத் தடவை பொய் இல்லை, டாக்டர் சொன்னதை அக்கா எழுதியிருந்தார்கள். கடிதத்தில் கைநாட்டைக் கொஞ்சம் பெரிதாக வையுங்கள்.

பிரசன்னா


நீலசந்திரா
14 செப்டம்பர் 2025

பிரசன்னா,

பிரிசில்லாவைத் திட்டினேன். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுதுகிறாள். மூச்சுக் கொஞ்சம் இழுக்கிறது, அவ்வளவுதான். மாடிப்படி இறங்குவதில்லை. ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டுக்கொண்டிருக்கிறேன். கீழே தெருவில் போகிற சத்தம் எல்லாம் வரும். யாரும் மேலே வரமாட்டார்கள்.

கௌடர் துடைப்பத்தைத் தலைகீழாகப் பிடித்த கதையை மூன்று தடவை படிக்கச் சொன்னேன். உன் தாத்தா இருந்தால் தெருவில் போகிறவனையெல்லாம் கூப்பிட்டுச் சொல்லியிருப்பார். இங்கே கூப்பிட யாரும் இல்லை. நானே சொல்லி நானே சிரித்துக்கொண்டேன். இருமல் வந்துவிட்டது.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஷாஃப்ட் வாசலில் ஆளுக்கு ஒரு ஆணி அடித்த பலகை உண்டு. கீழே இறங்குகிறவன் தன் நம்பர் போட்ட பித்தளை வில்லையைப் பலகையிலிருந்து எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு போவான். மேலே வந்ததும் திரும்ப மாட்டுவான். ஒரு தடவை கீழே பாறை வெடித்து வழி அடைத்துக்கொண்டது. மேலே வந்தவர்கள் வில்லையை மாட்டிக்கொண்டே இருந்தோம். கடைசியில் ஒரே ஒரு ஆணி காலியாக இருந்தது. ஆண்ட்ரூ என்று ஒருத்தனுடையது. ஷிஃப்ட் முடிந்தது, சங்கு ஊதினார்கள், யாரும் வீட்டுக்குப் போகவில்லை. போகக் கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லை. அந்த ஆணியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அவன் வந்தானா என்று கேட்காதே. நாங்கள் நின்றோம், அதைத்தான் சொல்கிறேன்.

உனக்கு வாங்கின துண்டு, கம்பி வாசலிலிருந்து திரும்பி வந்ததே, அதைக் கதவுக்குப் பின்னால் ஒரு ஆணியில் மாட்டியிருந்தேன். இன்றைக்கு அதை எடுத்துப் பெட்டியில் வைக்கச் சொல்லிவிட்டேன். நீ வருகிறவரை ஆணி காலியாக இருக்கட்டும்.

நான் வாசலில்தான் நிற்கிறேன். நீ மெதுவாக ஏறி வா.

கைநாட்டு பெரிதாக வைத்திருக்கிறேன். மை காய்ந்திருக்கும், முகர்ந்து பார்.

நைனா